நீண்ட நாள் ஊழியப் பயணம் போறீங்களா? ஏற்காட்டுல இருந்து கென்யா போய் வந்த ஒரு டீச்சர் சொல்றது

போன மாசம் சேலம் அஸ்தம்பட்டில பஸ்ஸுக்கு நிக்கும்போது எங்க சபைத் தங்கச்சி ஒருத்தி ஓடி வந்து கையப் புடிச்சிக்கிட்டா, அக்கா எனக்கும் கென்யாவுக்குக் கதவு திறந்திருக்கு, பத்து மாசம், என்னென்ன எடுத்துட்டுப் போகணும் சொல்லுங்கன்னா. அதுக்குள்ள பஸ் வந்துருச்சு, ஸ்வெட்டர், கம்பூட்ஸ், சின்ன குக்கர்னு மூணே மூணு சொல்லிட்டு ஏறிட்டேன். அடிவாரம் தாண்டி இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிக்கிற வரைக்கும் மனசே ஆறல. அவ கேட்டது எடுத்துட்டுப் போறத பத்தி, நான் சொல்லியிருக்க வேண்டியது அங்க என்ன கிடைக்கும்ங்கிறத பத்தி. அதனால உக்காந்து முழுசா எழுதிட்டேன், அவளுக்கும் அவள மாதிரி முதல் தடவ கிளம்புறவங்களுக்கும்.

நான் ஏற்காட்டுல காபி எஸ்டேட் பக்கத்துல வளந்தவ, ஸ்கூல் டீச்சர். மேற்கு கென்யால கெரிச்சோன்னு ஒரு மலை ஊர், அதுக்குப் பக்கத்துல சபை நடத்துற ஒரு சின்ன ஸ்கூல்ல பதினோரு மாசம் இருந்தேன். முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், மனசுல வச்சுக்கங்க. அங்க எனக்கு ரொம்பப் புடிச்சுப்போன விஷயத்துல முக்காவாசி முதல் ரெண்டு மாசத்துல கிடைக்கவே இல்ல. அந்த ரெண்டு மாசம் நீங்க விருந்தாளி, எல்லாரும் நல்ல பிளேட்ல சாப்பாடு போடுவாங்க, நாற்காலி போடுவாங்க, உங்களுக்கு மட்டும் தனிமையா இருக்கும். நிறையப் பேர் அந்தக் கட்டத்துலதான் ஊருக்கே போயிடலாமான்னு அழறாங்க. அத தாண்டிட்டீங்கன்னா அப்புறம் கிடைக்கிறதுதான் நிஜமான சந்தோஷம், கீழ சொல்ற எல்லா ஏற்பாடும் அத தாண்டி நிக்கிறதுக்குத்தான்.

முதல்ல பேப்பர் வேலை

பாஸ்போர்ட் இல்லாதவங்க பாஸ்போர்ட் சேவா சைட்ல 36 பக்கம் புக்குக்கு 1,500 ரூபா கட்டி அப்பாயின்ட்மென்ட் போட்டுடுங்க. இருக்கிறவங்க தேதியப் பாருங்க, திரும்பி வர்ற நாளுக்கு அப்புறமும் நல்லா ரெண்டு வருஷம் பாக்கி இருக்கிற மாதிரி வச்சுக்கிட்டா நடுவுல தலைவலி வராது. அதே சைட்ல போலீஸ் கிளியரன்ஸ் சர்டிபிகேட்டுக்கும் அப்ளை பண்ணிடுங்க, குழந்தைங்களோட வேலை செய்யப் போறவங்களுக்கு அது கண்டிப்பா தேவைப்படும்.

2024 ஜனவரில இருந்து கென்யாவுக்குப் பழைய விசா முறை கிடையாது, ஆன்லைன்ல இ.டி.ஏ.ன்னு ஒரு அனுமதி, பிளைட் ஏறுறதுக்கு முன்னாடியே வாங்கிடணும். ஆனா அது 90 நாள் வரைக்கும் சுத்திப் பாக்க வர்றவங்களுக்கு. சபை மூலமா பாடம் எடுக்க, ஊழியம் செய்யப் போறவங்களுக்குன்னு ‘ஐ’ கிளாஸ் பர்மிட் தனியா இருக்கு, உங்கள அழைக்கிற அந்த ஊர் சபைதான் அதுக்கு மனு போடணும். சுற்றுலான்னு போட்டுட்டுப் போய் வேலை செய்யலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, கர்த்தருடைய வேலைக்குப் பொய்ல ஆரம்பிக்கக் கூடாது, அதோட மாட்டிக்கிட்டா அங்க உள்ள சபைக்குத்தான் கெட்ட பேரு. பர்மிட் வந்த பிறகு வெளிநாட்டவர் கார்டுக்கும் பதிவு பண்ணணும், அதுவும் மறந்துடாதீங்க.

எனக்கு இங்க இருந்து போன ஒரு லெட்டர்ல கையெழுத்து விட்டுப்போச்சு, அதுனால பர்மிட் ஆறு வாரம் தள்ளிப்போச்சு. அது வரைக்கும் கிளாஸுக்குள்ள போகல. எங்க போறதுன்னு தெரியாம ஸ்கூல் சமையக்கட்டுல போய் உக்காந்தேன். அந்தக் கதைய அப்புறம் சொல்றேன்.

ஊசி

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி பத்தி ஒரு குழப்பம் இருக்கு. இந்தியால இருந்து நேரா போறவங்கள கென்யால கேக்க மாட்டாங்கன்னு சொல்லி சில பேர் போடாம போயிடறாங்க. கேக்கிறது நம்ம ஊரு! கென்யால இருந்து திரும்பி வரும்போது, ஊசி போட்டதுக்குச் சான்றா குடுக்கிற மஞ்சள் கார்டு இல்லன்னா இங்க ஏர்போர்ட்ல ஆறு நாள் வரைக்கும் தனியா வச்சிருவாங்க. கண்ட இடத்துல போட்டுக்க முடியாது, அங்கீகாரம் உள்ள சென்டர்லதான் போடணும், சென்னைல கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்ல போடறாங்க, முன்கூட்டியே கேட்டுட்டு நாள் வாங்கிட்டுப் போங்க, பாஸ்போர்ட் கையில இருக்கணும். ஏற்காடு எக்ஸ்பிரஸ்ல ராத்திரி ஏறினா விடியக்காலைல சென்னை, வேலைய முடிச்சிட்டு அன்னிக்கே திரும்பிடலாம். ஊசி போட்டு பத்து நாள் கழிச்சுதான் கார்டு செல்லும், அதுக்கப்புறம் ஆயுசுக்கும் செல்லும், 2016ல இருந்து அப்படித்தான். முட்டை அலர்ஜி இருக்கிறவங்க டாக்டர்கிட்ட முதல்லயே சொல்லிடுங்க.

டைபாய்டு, டெட்டனஸ், ஹெபடைடிஸ் ஊசியெல்லாம் உங்க டாக்டர்கிட்ட கேட்டுப் போட்டுக்கங்க. மலேரியாவுக்கு மாத்திரை, கொசுவலை ரெண்டும். நம்ம ஏற்காடு மாதிரி குளிர் ஊருதானே, கொசு இருக்காதுன்னு நெனக்காதீங்க, கெரிச்சோ மலைல மலேரியா பரவுன வரலாறு இருக்கு, அங்கிருந்து கீழ விக்டோரியா ஏரிப் பக்கம் போனா இன்னும் ஜாஸ்தி. திரும்பி வந்து பல மாசம் கழிச்சுக் காய்ச்சல் வந்தாக்கூட, ஆப்பிரிக்கா போய் வந்தேன்னு டாக்டர்கிட்ட சொல்லியாகணும்.

பெட்டில என்ன வைக்கிறது

நம்ம ஆளுங்க பொடி, ஊறுகாய், வத்தல்னு எல்லாத்தையும் பிளாஸ்டிக் கவர்ல கட்டிப் பெட்டிய ரொப்பிடுவோம். கென்யால 2017 ஆகஸ்ட்ல இருந்து பிளாஸ்டிக் கேரி பேக் முழுசாத் தடை, அபராதம் ரொம்பப் பெருசு, ஏர்போர்ட்லயே கேப்பாங்க. அதனால டப்பா, துணிப்பை. நான் எங்க வீட்டு மஞ்சப்பை ஆறு எடுத்துட்டுப் போனேன், அங்க உள்ள டீச்சருங்க அத அவ்ளோ ஆசையா கேட்டாங்க, கடைசில ஒண்ணோடதான் திரும்பி வந்தேன். விதை, செடி, பழம் எதுவும் எடுத்துட்டுப் போகாதீங்க, சேலம் மாம்பழ சீசனா இருந்தாலும் சரி.

கரண்ட் அங்க 240 வோல்ட், கிட்டத்தட்ட நம்ம ஊரு மாதிரிதான், ஆனா பிளக்கு பெரிய சதுரக் கால் மூணு உள்ளது, நம்ம உருண்டைக் கால் பிளக் உள்ள போகாது, அடாப்டர் ரெண்டு வாங்கிக்கங்க. கெரிச்சோ கிட்டத்தட்ட 2,000 மீட்டர் உயரம், ஏற்காடு 1,500 சொச்சம்தான், அப்ப குளிர நீங்களே கணக்குப் போட்டுக்கங்க. மத்தியானத்துக்கு மேல மழை, சில நாள் ஆலங்கட்டி, ரோடெல்லாம் செவப்புச் சேறு, அதுக்குத்தான் கம்பூட்ஸ், அத அங்கயே வாங்கிக்கலாம்.

பெட்டில இடம் இல்லன்னாலும் ஒண்ணு மட்டும் வச்சே ஆகணும், வீட்டு ஆளுங்க போட்டோ, பிரிண்ட் போட்டது. என் அம்மா போட்டோ, அப்பா காபி களத்துல பழம் காயவைக்கிற போட்டோ, ஏற்காடு லேடீஸ் சீட்ல இருந்து ராத்திரி சேலம் ஊரே விளக்கா மின்னுற போட்டோ, இது மூணும் எனக்குத் திறந்துவிட்ட வீட்டுக் கதவு எத்தனையோ. நீ யார் வீட்டுப் பொண்ணுன்னு தெரிஞ்சாத்தான் அவங்களுக்கு மனசு ஆறும், அதுல அவங்களும் நம்மளும் ஒண்ணுதான்.

போய் இறங்கின முதல் வாரம்

மும்பைல இருந்து நைரோபிக்கு நேர் பிளைட் இருக்கு, நம்ம பக்கத்துல இருந்து போனா எங்கயாவது மாறித்தான் போகணும். அங்க நேரம் நமக்கு ரெண்டரை மணி பின்னாடி. ரூபாய் அங்க மாத்த முடியாதுன்னே வச்சுக்கங்க, டாலர், அதுவும் புது நோட்டா, கிழிசல் மடிப்பு இல்லாம. இறங்கினதும் பாஸ்போர்ட்ட காட்டி சிம் வாங்கி, போன்லயே காசு அனுப்புற எம்-பெசா கணக்கு ஓப்பன் பண்ணிடுங்க. நம்ம ஜிபே வர்றதுக்குப் பல வருஷம் முன்னாடியே, 2007லயே போன்ல காசு அனுப்ப ஆரம்பிச்ச ஊரு அது, கீரை விக்கிற அம்மாகூட அதுலதான் வாங்குவாங்க.

நைரோபில இருந்து கெரிச்சோ ரோட்டுல அஞ்சாறு மணி நேரம். டிரைவர் பக்கத்து சீட் கிடைச்சா விட்டுடாதீங்க. ரிப்ட் பள்ளத்தாக்கு ஓரத்துல வண்டி வளையும்போது கீழ பாத்தா, நம்ம மலை ரோட்டுல இருந்து சேலத்த பாக்கிறப்ப வயித்துல ஒண்ணு பண்ணுமே, அது பத்து மடங்கு. அத தாண்டி மலை ஏற ஏற தேயிலைத் தோட்டம், அதுக்கு நடுவுல வரிசை வரிசையா சில்வர் ஓக். நான் அப்படியே நிமிந்து உக்காந்துட்டேன். எங்க வீட்டுப் பின்னாடி காபிக்கு நிழலா நிக்குமே, மிளகுக்கொடி ஏத்துவோமே, அதே மரம்! ஆஸ்திரேலியா மரம், ரெண்டு ஊருக்கும் வந்து சேந்திருக்கு. முதல் வாரத்துல எனக்கு நெருக்கமா இருந்த ஒரே சொந்தம் அந்த மரம்தான்னு சொன்னா நம்பணும்.

மணி கேக்கிறதுல கவனம். சுவாஹிலில காலைல ஏழு மணிதான் ஒரு மணி. பூமத்திய ரேகைக்குப் பக்கத்துல இருக்கிற ஊரு, வருஷம் பூரா பொழுது ஏறக்குறைய ஒரே நேரத்துல விடியும், அதனால விடிஞ்சதுல இருந்து எண்ணுறாங்க. ‘சா தாத்து’ன்னா மூணு மணின்னு அர்த்தம், ஆனா நம்ம கடிகாரத்துல ஒம்போது. ஒரு ஜெபக்கூட்டத்துக்கு நான் ஆறு மணி நேரம் லேட்டா போய் நின்னேன், எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டாங்க. யாராவது நேரம் சொன்னா இங்கிலீஷ் நேரமா சுவாஹிலி நேரமான்னு திருப்பிக் கேட்டுடுங்க.

சாப்பாடு, அதாவது சமையக்கட்டு

இங்கதான் நான் சொல்ல வந்ததே இருக்கு. பர்மிட் வராத ஆறு வாரம் சமையக்கட்டுல உக்காந்தேன்னு சொன்னேன் இல்ல, அங்க பெரியம்மா வயசுல ஒரு சமையல் அம்மா. மூணு கல்லு அடுப்பு, ஆள் உக்கார்ற அளவுக்கு ஒரு பாத்திரம், மரத் துடுப்பு. உகாலி கிண்டுறாங்க. மக்காச்சோள மாவுல செய்யறது, ஆனா கைப்பக்குவம் அப்படியே நம்ம களி. சேலம் தர்மபுரிப் பக்கம் களி தின்னு வளந்த பிள்ளைக்கு உகாலி ஒரு கஷ்டமே இல்ல, கையில உருட்டி, கட்டை விரலால குழி பண்ணி, அதுல கீரைய அள்ளி வாயில போடறது, அவங்களும் கையாலதான் சாப்பிடறாங்க. அந்தக் கீரைக்குப் பேரு சுகுமா விக்கி, வாரத்த தள்ளுன்னு அர்த்தம், சம்பளம் வர்ற வரைக்கும் வாரத்த ஓட்டுற கீரை. பேர்லயே ஒரு குடும்பத்தோட கணக்கு இருக்கு பாருங்க.

அப்புறம் ஒரு நாள் காலைல கஞ்சி குடுத்தாங்க, ஒரு வாய் வச்சதும் கண்ணு கலங்கிருச்சு, ராகிக் கஞ்சி. அங்க விம்பின்னு சொல்றாங்க. பழைய காலத்துல அவங்க களியே அந்த ராகிலதான். பிறகுதான் தெரிஞ்சுகிட்டேன், ராகி பொறந்த இடமே கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலம், அங்கிருந்துதான் ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி நம்மகிட்ட வந்திருக்கு. நான் குடுக்கப் போறேன்னு நெனச்சுக் கிளம்புனேன், எங்க பாட்டி எனக்கு ஊத்துன கஞ்சியே அவங்க குடுத்ததுதான்.

முர்சிக்னு ஒரு பால் தருவாங்க, சுரைக்குடுக்கைய கரியால உள்ள தேச்சு அதுல பால ஊத்திப் புளிக்க வைக்கிறது, சாம்பல் நெறத்துல இருக்கும். பெரிய மரியாதைக்குத் தர்றது அது. முதல் வாய் கஷ்டம், வேண்டாம்னு சொல்லிடாதீங்க, கொஞ்சமா வாங்கிக் குடிங்க, அஞ்சாவது தடவைல இருந்து நீங்களே கேப்பீங்க. டீக்கு மட்டும் பழகவே தேவையில்ல, பாலும் சக்கரையும் போட்டுக் கொதிக்க வச்ச சாய், பத்து மணிக்கு ஸ்கூல் முழுக்க வேலைய நிறுத்திட்டுக் குடிக்கும். நம்ம சாப்பாட்டு ஏக்கம் வந்தா கெரிச்சோ டவுன்ல பெரிய குருத்வாரா இருக்கு, யார் போனாலும் ரொட்டியும் பருப்பும் போட்டு உக்கார வைப்பாங்க. 1896ல ஆரம்பிச்ச ரயில் ரோடு வேலைக்கு நம்ம நாட்டுல இருந்து ஆயிரக்கணக்குல ஆளுங்க அங்க போயிருக்காங்க, சப்பாத்தி சமோசால்லாம் அங்க வீட்டுச் சாப்பாடா ஆனதுக்கு அப்படிப் போன நம்ம ஆளுங்கதான் காரணம்.

மூணாவது மாசம் ஒரு நாள் நான் துடுப்ப புடிச்சுக் கிண்டிட்டு இருந்தேன், அந்த அம்மா பாத்துட்டு, அப்படியா கிண்டுவாங்கன்னு சத்தம் போட்டுத் துடுப்பப் புடுங்கிட்டாங்க. எல்லார் முன்னாடியும். பக்கத்துல இருந்த டீச்சர் பதறிட்டா. எனக்கு ராத்திரி தூக்கம் வரல, சந்தோஷத்துல. விருந்தாளிய யாரும் திட்ட மாட்டாங்க. அதனால உங்களுக்குச் சொல்றேன், போன உடனே உங்க வேலைக்கு வெளிய ஒரு இடத்தப் புடிச்சுக்கங்க, சமையக்கட்டோ, மாட்டுக்கொட்டாயோ, கிணத்தடியோ, தினமும் அங்க ஒரு மணி நேரம் கையால ஏதாவது செய்யுங்க.

பாஷை

சுவாஹிலி நமக்கு வாய்க்கு வரும், எழுதுற மாதிரியே படிக்கலாம். ஒரு நாளைக்கு அஞ்சு வார்த்தை போதும், சின்னப் பிள்ளைங்ககிட்ட கத்துக்கங்க, அவங்க சலிக்காம திருத்துவாங்க. கதவு தட்டுறதுக்குப் பதிலா ‘ஹோதி’ன்னு குரல் குடுப்பாங்க, உள்ள இருந்து ‘கரிபு’, வாங்கன்னு வரும். எனக்கு உயிரான வார்த்தை ‘போலே’. நீங்க தடுக்கி விழுந்தா, தலைவலின்னா, மழைல நனைஞ்சு வந்தா, உங்க பாட்டி செத்துட்டாங்கன்னு சேதி வந்தா, எல்லாத்துக்கும் போலே. தப்பு அவங்கமேல இல்லன்னாலும் உங்க வலிக்கு அவங்க வருத்தம் சொல்றாங்க. எங்க தாத்தா தவறுன சேதி அங்க இருக்கும்போதுதான் வந்துச்சு, வர முடியல. அன்னைக்கு சாயங்காலம் ஒவ்வொருத்தரா வந்து ‘போலே சனா’ன்னு சொல்லிட்டு, வேற ஒண்ணும் பேசாம என்கூட உக்காந்திருந்தாங்க, இருட்டுற வரைக்கும்.

சுவாஹிலியோட அந்த ஊர்க்காரங்க சொந்த பாஷையும் நாலு வார்த்தை கத்துக்கங்க. கெரிச்சோல கிப்சிகிஸ் ஜனங்க, ‘சம்கெய்’ன்னா வணக்கம், ‘கொங்கொய்’ன்னா நன்றி. நம்ம சேர்வராயன் மலை ஜனங்ககிட்ட வெளியூர்க்காரர் அவங்க பேச்சுல ரெண்டு வார்த்தை பேசினா எப்படி முகம் மலரும், அப்படித்தான்.

ஞாயித்துக்கிழமை

ஆராதனை மூணு மணி நேரத்துக்குக் கொறையாது, டீ குடிச்சிட்டுப் போங்க. புதுசா வந்தவங்கள எழுப்பி நிக்க வைப்பாங்க, ‘ப்வானா அசிஃபிவே’ன்னு ஆரம்பிங்க, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்னு அர்த்தம், சபையே ஆமென்னு அதிரும். காசு இல்லாதவங்க முட்டை, வாழைத்தார், கோழின்னு காணிக்கையா கொண்டு வருவாங்க, ஆராதனை முடிஞ்சதும் ஏலம். நம்ம அறுப்பின் பண்டிகை ஏலமேதான், ஒரு முட்டைய நாலு பேர் மாத்தி மாத்தி ஏலம் எடுத்துத் திருப்பிக் குடுத்துட்டுச் சிரிக்கிறது வரைக்கும். கையில சில்லற வச்சிருங்க.

செய்யக் கூடாதது

சுருக்கமா சொல்றேன், ஆனா கண்டிப்பா சொல்றேன். பிள்ளைங்க போட்டோவ எடுத்து ஏழைப் பிள்ளைன்னு ஸ்டேட்டஸ் போடாதீங்க, உங்க வீட்டுப் பிள்ளைய அப்படிப் போட்டா பொறுப்பீங்களா. தனித்தனியா காசு, மிட்டாய் குடுக்காதீங்க, உதவி எதுவானாலும் அங்க உள்ள மூப்பர்கள் மூலமா. பணம் அனுப்பறேன்னு வாக்குக் குடுக்காதீங்க. நீங்க கிளம்பிட்டா நின்னு போற எந்த வேலையையும் ஆரம்பிக்காதீங்க. நான் லைப்ரரி ஆரம்பிக்க ஆசப்பட்டேன், அங்க உள்ள டீச்சர் ஒருத்தங்க பொறுப்பேத்துக்கிற வரைக்கும் நாலு மாசம் காத்திருந்தேன், அதனாலதான் அது இன்னைக்கும் நடக்குது.

பேரு

ஏழாவது மாசம் எனக்குப் பேர் வச்சாங்க. அந்த ஜனங்க பொறந்த நேரத்த வச்சுப் பேர் வைப்பாங்க. நான் முதல் முதலா வந்து இறங்கினது கொட்டுற மழைல, அதனால செரோப், மழைல பொறந்தவ. துடுப்பப் புடுங்குன அதே அம்மாதான் சொன்னாங்க. இத யாரும் கேட்டு வாங்க முடியாது, அதுக்கு வழியும் என்னால சொல்ல முடியல, இருந்துட்டே இருங்க, அவ்ளோதான்.

திரும்பி வரும்போது

மஞ்சள் கார்ட கைப்பைல வைங்க, பெட்டில போட்டுடாதீங்க. ஊருக்கு வந்தவுடனே சபைல சாட்சி சொல்லச் சொல்வாங்க, ரெண்டு வாரம் டைம் கேளுங்க, மனசு அங்கயே இருக்கும், வார்த்தை வராது. கிளம்புறதுக்கு முன்னாடி ஒருத்தர் நம்பர் மட்டும் வாங்கினா பத்தாது, மூணு நாலு பேர்து வாங்குங்க, போன் தொலஞ்சு போகும், நம்பர் மாறும். நான் சனிக்கிழமை நம்ம நேரம் ஏழரைக்குக் கூப்பிடறேன், அங்க அஞ்சு மணி, அவங்க கணக்குல பதினோரு மணி, சாய் அடுப்புல இருக்கிற நேரம். எடுத்ததும் அந்த அம்மா கேக்கிறது ஒண்ணேதான், செரோப், அங்க மழை பெஞ்சுதா?